புல் வாசமும் எட்டு வெள்ளியும்

கேள்வி:

ஐயா, தேக்கா நிலையத்தில் 30 வருஷமாகத் தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) குடிக்கிறவள் நான். போன மாதம் என் பிறந்தநாளுக்கென்று மகள் ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப்போய் ஐஸ் போட்ட மாட்சா லாத்தே வாங்கிக் கொடுத்தாள். எட்டு வெள்ளி. (வீட்டுக்கு வந்து “மாட்சா குடிச்சேன்” என்றதும் என் மாமியார் “எந்த மச்சான்?” என்று கேட்டார். அது வேறு கதை.) முதல் வாயிலேயே எனக்குப் புல் வாசம்தான் வந்தது. காலையில் எங்கள் புளோக்குக்குக் கீழே புல்வெட்டும் இயந்திரம் ஓடுமே, அதே வாசம். மகள் சிரித்தாள். “உங்க நாக்குக்குச் சீனி மட்டும்தான்மா தெரியும்” என்றாள்.

ரோஷத்தில் நானே 30 கிராம் டின் ஒன்று வாங்கி வந்தேன். காப்பித்தூளுக்கு ஊற்றுவதுபோலக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் கலக்கினேன். கட்டி கட்டியாக மிதந்தது. குடித்தால் வேப்பங்கொழுந்து மென்ற கசப்பு. நாக்கெல்லாம் வறண்டு இழுத்துக்கொண்டது. போதாததற்கு மீன்தொட்டி வாடை. பழுது டின்னிலா, என் கையிலா, நாக்கிலா? உண்மையில் மாட்சா எப்படித்தான் ருசிக்க வேண்டும்? இன்னொன்று, மாமியாருக்கு 78 வயது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை எடுக்கிறார். “உடம்புக்கு நல்லதாமே, எனக்கும் கொஞ்சம் கலக்கு” என்கிறார். கொடுக்கலாமா?

– வாசகி, ஃபேரர் பார்க்

பதில்:

அம்மா, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்; மாத்திரை சம்பந்தப்பட்ட விஷயம். உங்கள் மாமியாருக்குச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டாம், இரும்பு மாத்திரையோடும் கொடுக்க வேண்டாம். தேயிலையில் உள்ள கேட்டகின் என்ற துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு உறிஞ்சுவது குறைந்துபோகும். மாட்சாவில் இலையையே அரைத்து விழுங்குகிறோம் என்பதால் கூடுதல் கவனம் தேவை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது தள்ளி, மாலை நாலு மணிக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணம் என்றால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆனாலும் அடுத்த தடவை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் கேட்காமல் கொடுக்கவே கூடாது. இலையோடு வைட்டமின் கே-யும் உள்ளே போகும்; அது அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். 2 கிராம் மாட்சாவில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் காஃபீனும் உண்டு, ரகத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். ராத்திரி குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று பேத்தியைத் திட்டப்போகிறார்.

இரும்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் உங்கள் தே ஹாலியாவுக்கும் பொருந்தும். அதைப் பற்றி மட்டும் யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

இனி நாக்கு. உங்கள் கடிதத்தை மகளிடம் காட்டுங்கள். சீனி மட்டும் தெரிந்த நாக்கு எழுதுகிற கடிதமா இது? புல் வாசம், கசப்பு, வறண்டு இழுத்தல், மீன்தொட்டி வாடை என்று நாலு விஷயத்தைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். நான் குன்னூரில் பிறந்து, அங்கே ஏலத்துக்கு வரும் தூளைச் சுவைத்து மதிப்புச் சொல்லும் டீ டேஸ்டராகப் பல வருஷம் இருந்தவன். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு இந்த நாலையும் பிரித்துச் சொல்ல மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் சொன்ன நாலும் மாட்சாவில் உண்மையாகவே இருப்பவை. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் மற்ற நாலையும் குடித்தால் யாருக்கும் பிடிக்காது.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். புல் வாசம் கற்பனையில்லை. எந்தப் பச்சிலை நசுங்கினாலும் கிளம்புகிற ஒரு வாசக் குடும்பம் உண்டு. புளோக்குக்குக் கீழே புல் வெட்டும்போது வருவதும் அதே குடும்பம்தான். நமக்குப் பழகிய கறுப்புத் தேயிலையில் இந்த வாசம் தங்காது. நீலகிரித் தொழிற்சாலைகளில் பறித்த கொழுந்தை ராத்திரி முழுக்கத் தொட்டியில் பரப்பி வாட்டுவார்கள். பிறகு நசுக்கி, கிழித்து, சுருட்டி, காற்றில் ஊறவிட்டுச் செம்பு நிறமான பிறகுதான் அடுப்புக்குப் போகும். பச்சை வாசம் போய்ப் பழ வாசமும் பூ வாசமும் வருவது அந்த ஊறலில்தான். ஜப்பான்காரர்கள் நேர்மாறு. பறித்த சூட்டோடு ஆவியில் காட்டிவிடுவார்கள். இலை அதற்குமேல் மாறாது. பச்சை அப்படியே நின்றுவிடும்.

கசப்பும் இழுப்பும்தான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் பெரியவர்கள் சுவையை ஆறாக எண்ணினார்கள். கைப்பு வேறு, துவர்ப்பு வேறு. வேப்பங்கொழுந்து கைப்பு, கொட்டைப்பாக்கைத் தனியாகக் கடித்தால் வருவது துவர்ப்பு. வாழைப்பூ, மாதுளைத் தோல், கடுக்காய், பழுக்காத நாவல் எல்லாம் அந்தக் கணக்கு. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘பிட்டர்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இன்றைய அறிவியலின் பட்டியலிலோ ஐந்தே சுவை: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. துவர்ப்பை அவர்கள் சுவையாகவே சேர்ப்பதில்லை, தொடுவுணர்ச்சி என்று ஒதுக்கிவிட்டார்கள். அதிலும் நியாயம் உண்டு. எச்சிலில் வழவழப்பைத் தரும் புரதங்களைக் கேட்டகின் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழவழப்புப் போனதும் நாக்கு மேலண்ணத்தில் உரசுகிறது. நீங்கள் ‘வறண்டு இழுத்தது’ என்று எழுதியது அதைத்தான்.

அவர்கள் பட்டியலில் துவர்ப்பு இல்லை, நம் பட்டியலில் உமாமி இல்லை. மாட்சாவோ இந்த இரண்டின் மேலும் நிற்கிற பானம். மகளுக்குத் துவர்ப்புக்குச் சொல் இல்லை, உங்களுக்கு உமாமிக்குச் சொல் இல்லை. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறீர்கள்.

உமாமி என்ற பெயரை வைத்தவர் கிகுனே இகேடா என்ற தோக்கியோ பேராசிரியர், 1908-ல். கொம்பு என்ற கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றில் ஒரு ருசி இருக்கிறதே, அது மற்ற நாலில் எதிலும் அடங்கவில்லையே என்று தேடிக் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். நமக்குச் சொல் இல்லையே தவிர ருசி பழக்கம்தான். தக்காளி ரசம் அடங்கிய பிறகு மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஒரு கரண்டி எடுத்துக் குடியுங்கள். புளிப்பும் மிளகும் போன பிறகு நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், வாய் நிறைந்த மாதிரி இருக்கும். அதுதான். சைவம் இல்லை என்றால் இன்னும் சுலபம்: இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலியை வெறும் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுக் குடித்துப் பாருங்கள். இலங்கைக்காரர்கள் சம்பலில் மாசிக்கருவாடு இடித்துப் போடுவது எதற்கென்று நினைக்கிறீர்கள்?

ஒரு இலையில் இந்த ருசி எப்படி வந்தது? நிழலால் வந்தது. தேயிலைச் செடியின் வேரில் தியனின் என்ற அமினோ அமிலம் உருவாகி இலைக்கு ஏறுகிறது. கியோட்டோவில் 1949-ல் யாஜிரோ சகாத்தோ என்பவர் அதை முதலில் பிரித்தெடுத்தார். இலையில் வெயில் பட்டால் அந்தத் தியனின் செலவாகிக் கேட்டகின் கூடும். அதாவது உமாமி குறைந்து துவர்ப்பு ஏறும். எங்கள் மலையில் தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரங்கள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது வெயிலைச் சல்லடையில் சலிப்பது போல. மாட்சாவுக்குச் செய்வது வேறு. கொழுந்து பறிப்பதற்கு முன் மூன்று வாரம், சில தோட்டங்களில் அதற்கும் மேல், தோட்டத்துக்கே பந்தல் போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் காலத்தில் நாணலும் வைக்கோலும். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலைத் துணி. வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போகாதபடி மூடுவதும் உண்டு. இருட்டில் செடி தவிக்கிறது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடக்கூடாதென்று இலையில் பச்சையத்தை ஏற்றிக்கொள்கிறது. நீங்கள் டின்னில் பார்க்கும் அந்தக் கண்ணைக் குத்தும் பச்சை இப்படி வந்தது. தியனின் செலவாகாமல் தங்கிவிடுகிறது.

உங்கள் மீன்தொட்டி வாடையும் இதே நிழலின் பிள்ளைதான். பந்தலுக்குள் வளர்ந்த இலைக்கு ஒரு தனி வாசம் உண்டு; ஜப்பானியர்கள் அதற்கு ‘ஓய்க்கா’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அதில் முக்கியமானது டைமெதில் சல்ஃபைடு. சூஷியைச் சுற்றியிருக்கும் நோரியில் அடிக்கிற அதே கடல் வாடை. அளவாக இருந்தால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் காலைக் காற்று. கொதிநீரை ஊற்றிக் கிளப்பிவிட்டால் மீன்தொட்டி.

உங்கள் கைப்பிழையை நானும் செய்திருக்கிறேன். குன்னூரில் இருந்தபோது வியாபாரி ஒருவர் ஜப்பானிலிருந்து ஒரு சின்ன டப்பா கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் கூடத்தில் எதையும் ஒரே மாதிரிதான் போடுவோம்: 2.8 கிராம் தூள், 140 மில்லி கொதிநீர், ஐந்து நிமிஷம். பிறகு கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்புவது. மாட்சாவையும் அப்படியே போட்டேன். அடியில் சகதி, மேலே நுரை, நடுவில் குளத்துத் தண்ணீர். உறிஞ்சியதும் துப்பினேன், அது தொழில் முறைப்படி துப்பியது இல்லை, தாங்காமல் துப்பியது. வியாபாரி கோபித்துக்கொண்டு டப்பாவை எடுத்துப் போய்விட்டார். நல்ல மாட்சாவை நான் முதலில் குடித்தது அதற்குப் பல வருஷம் கழித்து இந்த ஊருக்கு வந்த பிறகு.

செய்முறை சொல்கிறேன், டின்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் டபரா டம்ளர் இருக்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு டம்ளரில் ஊற்றுங்கள், டம்ளரிலிருந்து டபராவுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஆறிய பாத்திரத்துக்கு ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சுமாராகப் பத்து டிகிரி இறங்கும். இரண்டு பாத்திரம் மாறினால் 80-க்குப் பக்கத்தில் வந்துவிடும். 70-லிருந்து 80 வரை போதும். இலையையே விழுங்குகிறோமே, சூடு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி சரி. மற்றப் பச்சைத் தேயிலைக்கு இருக்கிற அளவு வித்தியாசம் இதற்கு இல்லை. ஆனால் கொதிநீரில் கசப்பு உடனே முழுசாக இறங்கி முன்னால் வந்து நிற்கும், வாசம் கெட்டுப்போகும், உமாமி எங்கோ பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது கட்டி. மாட்சா தூள் நம் முகப்பவுடரைவிட நைசு. ஈரம் பட்டாலும் படாவிட்டாலும் தானே திரண்டுகொள்ளும். தேநீர் வடிகட்டியில் போட்டுக் கரண்டி முதுகால் தேய்த்துச் சலியுங்கள். தட்டையாக ஒரு தேக்கரண்டி, 2 கிராம் வரும். தண்ணீர் 70 மில்லி, அவ்வளவுதான். தேக்கா கண்ணாடிக் கிளாஸில் கால் பங்குகூட வராது. நம் ஆட்கள் தப்பு செய்கிற இடம் இதுதான். கிளாஸ் நிறையக் குடித்துப் பழகியதால் நிறையத் தண்ணீர் ஊற்றி, ருசி இல்லை என்று நிறையத் தூள் போட்டு, கசக்கிறது என்று நிறையச் சீனி போட்டு முடிப்போம். முதலில் ஒரு கரண்டித் தண்ணீரில் தூளைப் பசையாகக் குழைத்துக்கொள்ளுங்கள், மீதியைப் பிறகு ஊற்றுங்கள். ஆற்றவும் வேண்டாம், கரண்டியால் சுற்றவும் வேண்டாம். மூங்கிலைச் சன்னமாகப் பிளந்து செய்த சாசென் என்ற மத்து ஒன்று உண்டு. ஜப்பானில் நாரா வட்டாரத்துத் தக்கயாமா கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னும் வேகமாக இழுக்க வேண்டும், கோலப்பொடி உதறுகிற வேகத்தில். அதை வாங்க மனமில்லை என்றால் மூடி இறுக்கமான ஜாம் பாட்டில் போதும். மிதமான சூட்டு நீர் ஊற்றி, துணியால் பிடித்து, இருபது தடவை குலுக்குங்கள். தேநீர்ச் சடங்குக்காரர்கள் பார்த்தால் என்னை மன்னிக்க மாட்டார்கள். ருசிக்குக் குறைவில்லை.

மூன்று வாயில் குடித்து முடித்துவிடுங்கள், நின்றால் தூள் அடியில் இறங்கிவிடும். முதல் வாயில் புல், உடனே கொஞ்சம் கசப்பு, பிறகு ரசத் தெளிவில் பார்த்த அதே வாய் நிறைவு, கடைசியாக லேசான துவர்ப்பு. குடித்த பிறகு ஒரு மடக்குப் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா இருங்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தொண்டையில் இனிக்குமே, அந்த மாதிரி ஒரு இனிப்பு மெல்ல வரும். நெல்லிக்காய் அளவுக்கு அடிக்காது, காத்திருக்க வேண்டும். இது வந்தால் டின் நல்ல டின்.

வராவிட்டால் டின்னைப் பார்க்க வேண்டியதுதான். நீங்கள் எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. ஃபேரர் பார்க்கில் இருந்துகொண்டு சிட்டி ஸ்குவேர் மாலின் டொங்கி கடையைத் தாண்டி வேறெங்கும் போயிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எங்கே வாங்கினாலும் பின்பக்கம் பாருங்கள். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். சீனியோ பால்மாவோ முதலில் இருந்தால் அது மாட்சா வாசம் போட்ட இனிப்புத்தூள். பச்சைத் தேயிலை என்ற ஒரே பொருள் இருக்க வேண்டும். உஜி, நிஷியோ, யாமே, ககோஷிமா என்று ஊர்ப்பெயர் இருந்தால் நல்லது. முன்பக்கம் பெரிதாக ‘செரிமோனியல்’ என்று போட்டிருப்பதை நம்பி மட்டும் காசு கொடுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஜப்பானில் எந்தச் சட்ட வரையறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அதைவிட உங்கள் கண் நம்பகமானது. வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை தேய்த்துப் பாருங்கள். தளிர்ப் பச்சை என்றால் சரி. காய்ந்த முருங்கைக்கீரைப் பொடி மாதிரி மஞ்சள் ஓடியிருந்தால் அது வெயிலில் வளர்ந்த இலை, இல்லை பழசு.

விலை ஏன் இப்படி என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஆவியில் காட்டி உலர்த்திய இலையில் நரம்பையும் காம்பையும் நீக்கினால் கிடைப்பது தென்ச்சா. அதைக் கல் எந்திரத்தில் அரைத்தால் மாட்சா. நம் வீட்டு எந்திரம் மாதிரியேதான், கருங்கல், மேல்கல்லும் கீழ்க்கல்லும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி வாசம் போய்விடும் என்பதால் மெதுவாக ஓட்டுகிறார்கள். ஒரு எந்திரம் ஒரு மணி நேரத்தில் அரைப்பது 40 கிராம் அளவுதான். உங்கள் 30 கிராம் டின் கல்லில் அரைத்ததாக இருந்தால், அது ஒரு கல்லின் முக்கால் மணி நேர உழைப்பு. (மலிவுச் சரக்கை வேறு எந்திரங்களில் அரைப்பார்கள்.) ஜப்பானில் தென்ச்சா உற்பத்தி 2010-ல் 1,471 டன்னாக இருந்தது, 2023-ல் 4,176 டன். அப்படியும் போதவில்லை. 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழைய வீடுகளான இப்போடோவும் மருக்யூ கொயாமாயெனும் ஆளுக்கு இத்தனைதான் என்று விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டன. உங்கள் மகளைப் போன்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

டின்னைத் திறந்த பிறகு இந்த ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு மாதம் தாங்கினாலே பெரிது. இறுக்க மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஆனால் மாவுச் சட்டிக்கும் கருவாட்டுக்கும் பக்கத்தில் வேண்டாம். பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசத்தைத் தேயிலை வாங்கிக்கொள்ளும். வெளியே எடுத்ததும் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். குளிர்ந்த டின்னைச் சட்டென்று திறந்தால் உள்ளே வேர்த்துத் தூள் கட்டிவிடும்.

சரி, எட்டு வெள்ளி லாத்தேக்கு வருகிறேன். அதில் உங்களுக்குப் புல் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் பால். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேட்டகினைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் எச்சிலைத் திரட்ட வேண்டிய துவர்ப்பு, பாலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கசப்பைச் சீனி மூடும். ஐஸ் இருந்தால் நாக்கு பாதி மரத்துவிடும். உமாமி பாலுக்கடியில் அமுங்கிவிடும். மிஞ்சுவது மூக்குக்குப் போகிற வாசம் ஒன்றுதான். வாசமும் நிறமும் வேண்டும் என்கிறவர்களுக்கு அது நல்ல பானம். மாட்சாவின் ருசியை அதிலே தேடக்கூடாது. இதை மகளிடம் சொல்லிச் சண்டையை வளர்க்க வேண்டாம். பால் ஊற்றிக் கெடுத்தார்கள் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? கெட்டிப்பால் ஊற்றி, இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஒரு கை உயரத்துக்கு இழுத்து ஆற்றிக் குடிக்கிற கூட்டம் நாம். 30 வருஷம் தே ஹாலியா குடித்த நீங்கள் தேயிலையின் துவர்ப்பை இத்தனை காலமும் கேசீன் போர்வை வழியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். திடீரென்று போர்வையை எடுத்ததும் திடுக்கிட்டுவிட்டது. நாக்கைப் பழக்க வேண்டும் என்றால் ஒரு வாரம் தேக்காவில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று விசாரிப்பார். பரவாயில்லை.

பெயரைப் பற்றி ஒரு வரி, உங்கள் மாமியாருக்காக. ‘மா’ என்றால் அரைத்தது, ‘ட்சா’ என்றால் தேயிலை. அந்தச் ‘சா’தான் நம் சாயா. நம் தேநீரிலும் இந்த ஊர்த் தே ஹாலியாவிலும் இருக்கிற ‘தே’ ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது. இரண்டுமே சீனச் சொற்கள்தான். பொடித்த தேயிலையைக் கிண்ணத்தில் அடித்துக் குடிப்பதும் சீனப் பழக்கமே. சோங் வம்சக் காலத்தில் அங்கே கொடிகட்டிப் பறந்தது. எய்சாய் என்ற புத்த பிக்கு 1191-ல் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். 1391-ல் சீனப் பேரரசர் ஒருவர் அழுத்திச் செய்த தேயிலைக் கட்டிகளைக் கப்பமாகக் கட்ட வேண்டாம், உதிரி இலையே போதும் என்று உத்தரவு போட்ட பிறகு பொடித் தேநீர் சீனாவில் தேய்ந்துபோனது. ஜப்பான் பிடித்துக்கொண்டது.

எங்கள் நீலகிரிக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு, சிங்கப்பூர்க்காரர்கள் பலர் அறியாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் சிறையில் இடம் போதாமல் சீனக் கைதிகளை நீலகிரிக்கு அனுப்பினார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே காப்பி பயிரிட்டு வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். மலைத் தேயிலையிலும் அவர்கள் கை இருந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பொடித்துக் குடித்தார்களா, பால் ஊற்றிக் குடித்தார்களா என்று நான் பல பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இத்தனையும் செய்து பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் மீதித் தூளை வீணாக்க வேண்டாம். குலா மெலாக்காவைக் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் கலந்து, அரைக்கரண்டி மாட்சாவைச் சலித்துப் போட்டு ஐஸ் சேருங்கள். வெல்லத்தின் கரிவாசமும் அந்தக் கடல் வாசமும் நன்றாகச் சேரும். மாமியாருக்கு ஒரு வாய் கொடுக்கலாம், இரண்டு மணி நேரக் கணக்கு மறக்காமல். கேசரியில் மட்டும் போடாதீர்கள். போன தீபாவளிக்கு நான் போட்டேன். அடுப்புச் சூட்டில் பச்சையம் நிலைக்காது என்று 40 வருஷத் தொழிலில் தெரிந்திருந்தும் போட்டேன். வாணலியில் இளம்பச்சையாக இருந்தது, மேசைக்கு வரும்போது குளத்துப் பாசி நிறம். பேரன் ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “தாத்தா, இதில் யார் புல் போட்டது?” என்றான்.